ரெண்டேகால் சுற்று

ஜூன் 3, திங்கள்

மில்லில் மூன்றாம் நம்பர் சிம்ப்ளெக்ஸ் இன்றும் மக்கர். பஞ்சைத் திரியாக்கிப் பாபினில் சுற்றும் மெஷின் அது. ஒரு பாபினில் திரி தொய்கிறது, அடுத்ததில் அறுகிறது. மெயின்டனன்ஸ் மேனேஜர் என்று போர்டு மாட்டி உட்கார்ந்திருக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். ஃபிட்டர் ஆறுச்சாமி, "அதுக்குக் கெரகம் செரியில்லீங் மேடம்" என்கிறார். அவருக்கு எல்லாவற்றுக்கும் கிரகம்தான்.

வீட்டுக்கு வந்தால் கிளப்பிலிருந்து ரேஸ் படிவம். இருபத்துமூன்றாம் தேதி ரேஸ். பழைய கார் பிரிவில் இதுவரை பெயர், ரத்தப் பிரிவு, சண்டை போடமாட்டேன் என்று ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் கேட்பார்கள். இந்தத் தடவை டயர் அளவு, இஞ்சின் அளவு, பின் ஆக்சில் ரேஷியோ என்று ஒரு பக்கம் முழுக்கக் கேள்வி.

"மூணு புள்ளி ஒம்பது. எழுதிக்க," என்றார் என் வீட்டுக்காரர், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அளந்து பாத்தீங்களா மாமா?"

"புக்குல போட்டிருக்கு கோகிலா. இங்கிலாந்துக்காரன் அளக்காமயா போட்டிருப்பான்?"

அளக்காத நம்பரை எழுத எனக்குக் கை கூசும். மில் புத்தி. அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டேன்.

விஷயம் ஒன்றும் பெரிய மந்திரமில்லை. இஞ்சினிலிருந்து காருக்கு அடியில் பின்னால் போகும் நீள ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றினால் பின் சக்கரம் ஒரு சுற்று சுற்றும் என்பதுதான் ரேஷியோ. மலை ஏறும் லாரிக்குப் பெரிய நம்பர்: இழுவை அதிகம், ஓட்டம் கம்மி. என் காருக்கு மூன்று புள்ளி ஒன்பது, அதாவது ஷாஃப்ட் கிட்டத்தட்ட நாலு சுற்றுக்குச் சக்கரம் ஒன்று.

என் கார். ரெண்டே சீட், சிவப்பு, என்னைவிட வயதில் மூத்தது. வால்பாறை எஸ்டேட் ஒன்றில் கோழி அடைந்துகொண்டிருந்த வண்டியை அப்பா எனக்காக வாங்கிக்கொண்டுவந்தார். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுக்காரர் தன் ஒர்க்ஷாப்பில் வைத்து உயிர் கொடுத்தார். போன ஜூலையில் மூன்றாம் வளைவில் நான் அதைச் சுவரில் சாத்தினேன். எனக்குக் காறை எலும்பு முறிவு. வண்டிக்கும் பின்பக்கம் முழுக்க வேலை. ரெண்டு பேரும் குணமாகித் திரும்பி வந்தோம், ஆனால் பழைய நேரம் மட்டும் திரும்பி வரவில்லை. ஒரு சுற்றுக்கு மூன்று செகண்ட் அதிகமாகிறது. ரேஸில் மூன்று செகண்ட் என்றால் மூன்று நாள் மாதிரி.

இதை எழுதவே பிடிக்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். இந்த ரேஸில் பழைய நேரத்தைத் தொடாவிட்டால் ஓட்டுவதையே விட்டுவிடுகிறேன் என்று அப்பாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். பயந்துபோனவளுக்கு ரேஸ் டிராக்கில் என்ன வேலை?

ஜூன் 5, புதன்

அத்தை மாசாணியம்மன் கோயிலில் மந்திரித்துக் கட்டிவிட்ட கயிறு மணிக்கட்டில் ஒரே அரிப்பு. அவிழ்க்கப் பயமாகவும் இருக்கிறது. பி.இ. மெக்கானிக்கல் படித்தவள்!

ஜூன் 8, சனி

ப்ராக்டீஸ். லேசான சாரல், பிறகு வெயில். அதே மூன்று செகண்ட்.

எனக்கே புரியவில்லை. டிராக்கில் வளைவே இல்லாத நீள ரோட்டில் ஸ்பீடாமீட்டர் நூற்று அறுபத்தைந்து காட்டியது. போன வருஷமும் அதேதான் காட்டும். சொல்லப்போனால் இஞ்சின் சுற்றைக் காட்டும் முள் இப்போது சீக்கிரமே சிவப்புக்கோட்டைத் தொட்டுவிடுகிறது, பாதி ரோட்டிலேயே. இஞ்சின் புதுசாகச் செய்தது, அதனால் சுறுசுறுப்பு என்கிறார் அவர். வேகம் இருக்கிறது, இஞ்சின் நன்றாக இருக்கிறது, நேரம் மட்டும் இல்லை. அப்படியானால் எங்கே போகிறது? வளைவில்தான் போக வேண்டும். வளைவில் என் கால் என்னைக் கேட்காமல் ஏறி இறங்குகிறது போலிருக்கிறது.

நேரத்தை எப்போதும் அவர்தான் போனில் பார்த்துப் படிப்பார். இன்றும் படித்துவிட்டு, போனைப் பையில் போட்டுக்கொண்டு, "உடு கோகிலா. உசுரோட வந்தியே, அது போதும்" என்றார். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத் தலை துவட்ட டவல் கொடுத்தார். அப்பா கேலரியிலிருந்து கை தட்டிக்கொண்டே இறங்கி வந்தார். கடைசியாக வந்தவளுக்குக் கைதட்டும் ஒரே ஆள்.

சாயங்காலம் கவுன்சலிங். ஏழு மாதமாகப் போகிறேன். "உங்க மனசு ரகசியமா பிரேக் போடுது" என்கிறார் அந்த டாக்டரம்மா. ஒவ்வொரு தடவையும் வீட்டுக்காரர்தான் காரில் அழைத்துப்போய், வெளியே பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, திரும்பும்போது அன்னபூர்ணாவில் காபி வாங்கித் தருவார். எந்தப் புருஷன் இதெல்லாம் செய்வான்?

ஜூன் 9, ஞாயிறு

இன்று பட்ட அவமானத்தை எழுதினால்தான் தூக்கம் வரும்.

ஆவாரம்பாளையத்தில் அவர் ஒர்க்ஷாப்புக்குப் போனேன். படிவத்தின் அந்தக் காலிக் கட்டம் பல்லிடுக்கில் சிக்கிய பாக்கு மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. பின்னால் வலது சக்கரத்தை மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கினேன். கியரை நியூட்ரலில் வைத்தேன். டயரிலும் ஷாஃப்ட்டிலும் சாக்பீஸால் கோடு. படுத்து எட்டிப் பார்த்துக்கொண்டே சக்கரத்தை ஒரு சுற்று சுற்றினேன். நாலு வர வேண்டும். ரெண்டேகால்தான் வந்தது. பத்துச் சுற்று சுற்றிப் பார்த்தேன், இருபத்துமூன்றுக்குக் கொஞ்சம் குறைவு. அதே ரெண்டேகால் சொச்சம்.

அடியிலிருந்தே கத்தினேன். "மாமா, மூணு புள்ளி ஒம்பது இல்லை. ரெண்டேகால்தான் வருது!"

அப்புறம் அவர் சிரித்தார் பாருங்கள், ஷெட் தகரமே அதிர்ந்தது. "ரெண்டேகாலா! அப்ப இது முந்நூறுல பறக்கோணுமே. ஏனுங்க, பீளமேட்டுல ஏரோப்ளேன் ஓட்ட ஆளு வேணுமாம், எங்கூட்டம்மிணிய அனுப்பட்டுமா?" என்று பக்கத்துப் பட்டறைக்காரரையும் கூப்பிட்டுச் சொன்னார். வேலை செய்பவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஜாகிர் மட்டும் கை கழுவ எழுந்து போய்விட்டார். ஒர்க்ஷாப்பில் தலைமை மெக்கானிக், என் காரைத் தொட்டு வேலை செய்யும் ஒரே ஆள் அவர்தான். அவருக்கே என் கணக்கு வெட்கமாக இருந்திருக்கும்.

"உடு, மூணு புள்ளி ஒம்பதுன்னு எழுதிரு," என்று சிரிப்பு அடங்காமலே வீட்டுக்காரர் என் முகத்து கிரீஸைத் துடைத்துவிட்டார்.

ஜூன் 10, திங்கள்

அப்பா போன் செய்தார். எடுத்ததும் முதல் வார்த்தை, "என்ன, ரெண்டேகால் அம்மிணி, சௌக்கியமா?"

அதற்குள் அங்கேயும் போய்விட்டது. போனை வைத்துவிட்டேன்.

ஜூன் 11, செவ்வாய்

முதலிலிருந்து எழுதுகிறேன்.

மூன்றாம் நம்பர் சிம்ப்ளெக்ஸின் டிஃபரன்ஷியல் பெட்டியை இன்று திறந்தோம். பாபின் பருக்கப் பருக்க அதன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு வருவது அந்தப் பெட்டிதான். காரின் பின் ஆக்சில் நடுவில் பானை மாதிரி உருண்டு இருப்பதும் இதே சாதிதான், ரெண்டு பக்கத்துக்கும் சுற்றைப் பங்குபோட்டுக் கொடுக்கும். ஆறுச்சாமி ஒரு பக்கப் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். நான் மறுபக்கத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றினேன். நடுக்கூடு அரைச் சுற்றுதான் திரும்பியது. திரும்பத்தானே வேண்டும். ஒரு பக்கம் நின்றுவிட்டால் நடுவில் பாதிதான் போகும். வருஷா வருஷம் டிரெய்னிகளுக்கு நானே தொண்டை கிழியச் சொல்லிக்கொடுக்கும் பாடம்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"ஏனுங் மேடம், கெரகம் புடிபட்டுருச்சுங்களா?" என்றார் ஆறுச்சாமி.

ஞாயிற்றுக்கிழமை நான் தூக்கியது ஒரு சக்கரம். மற்றது தரையில் அழுந்தி நின்றது. என் கணக்கில் தப்பில்லை, பாதிதான் வந்திருக்கிறது. ரெண்டேகால் சொச்சத்தை ரெண்டால் பெருக்கினால் நாலரை, கொஞ்சம் கூட.

மூன்று புள்ளி ஒன்பது இல்லை. நாலரை! என் காருக்குள் இருப்பது என் காரின் ஆக்சில் இல்லை. அட முருகா, ஒரு வருஷமாக எதை ஓட்டிக்கொண்டிருக்கிறேன் நான்?

மத்தியானம் அவர் கொடுத்தனுப்பிய டிபன் பாக்ஸைத் திறந்துவைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சுண்டைக்காய் வத்தக்குழம்பு. ஒற்றைச் சக்கரத்தைத் தூக்கினால் பாதிதான் வரும் என்பது அவருக்குத் தெரியாதா? ஒர்க்ஷாப்பில் சேரும் ஒவ்வொருவனுக்கும் அவர் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுப்பது ஆயிற்றே. சிரித்த சிரிப்பில் மறந்திருப்பார். மனுஷனுக்கு மறக்காதா என்ன?

ஜூன் 12, புதன்

அவர் மறக்கவில்லை.

காலையில் அவர் திருப்பூர் போனதும் லீவு சொல்லிவிட்டு ஒர்க்ஷாப்புக்குப் போனேன். ரெண்டு பின் சக்கரத்தையும் தூக்கி நிறுத்தினேன். ஒரு சக்கரத்தைச் சுற்றினால் மற்றது எதிர்ப்பக்கம் சுற்றி அழும்பு பண்ணியது. ரெண்டையும் ஒன்றாகச் சுற்ற இன்னொரு ஜோடிக் கை வேண்டும். யாரைக் கூப்பிடுவது என்று நான் நிமிர்வதற்குள் ஜாகிர் வந்து வண்டிக்குப் பின்னால் குந்தினார்.

"நீங்க ஷாஃப்ட்டப் பாருங்க அண்ணி. நான் ரெண்டையும் சேத்துச் சுத்தறேன்," என்றார். நீளக் கை அவருக்கு. ரெண்டு டயரையும் ஒன்றாகப் பிடித்து மெதுவாக உருட்டினார். சாக்பீஸ் கோடு ஒன்று, ரெண்டு, மூன்று, நாலு என்று வந்தது. அதற்கு மேலும் பாதி சுற்றிவிட்டுத்தான் நின்றது.

"நாலு புள்ளி அஞ்சு அஞ்சுங்க," என்றார் ஜாகிர், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே. "நாப்பத்தொண்ணுக்கு ஒம்பது பல்லு. நாந்தான் மாட்டுனேன்."

"எப்ப?"

"நீங்க கையில கட்டுப் போட்டு வீட்ல இருந்தப்ப."

"யாரு சொல்லி?"

அவர் டயரில் கிடந்த கல்லை நகத்தால் நோண்டினார். "அண்ணன் சொல்லாம நான் உங்க வண்டியத் தொடுவனுங்களா? பழைய கிரவுன் பல்சக்கரம் நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு பல்லுகூடப் பழுதில்ல. எதுக்குண்ணான்னு கேட்டேன். 'அது ஓடக்கூடாது ஜாகிர், ஆனா ஓடற மாதிரி இருக்கோணும்'னாரு."

அப்படியானால் ஸ்பீடாமீட்டர் எப்படி அதே வேகத்தைக் காட்டுகிறது என்று கேட்டேன். சொல்லும்போதே விடை தெரிந்துவிட்டது. அது கியர்பாக்ஸிலிருந்து சுற்றுகிறது, சக்கரத்திலிருந்து இல்லை. பின்னால் பல் மாறியது அதற்கு எப்படித் தெரியும்? அது பாட்டுக்குப் பழைய கணக்கிலேயே காட்டிக்கொண்டிருக்கும்.

"மன்னிச்சுக்குங்க அண்ணி."

நான் ஜாக்கியை இறக்கிவிட்டு வெளியே வந்தேன்.

ஜூன் 13, வியாழன்

கணக்குப் போட்டேன். நூற்று அறுபத்தைந்து என்று மீட்டர் காட்டியதெல்லாம் நூற்று நாற்பத்தொன்று. அதற்கு மேல் இஞ்சினில் சுற்று மிச்சமில்லை. நீள ரோட்டின் மறுபாதி முழுக்க நான் காலை அழுத்திக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

கிளப் நேரத்தையும் முதன்முறையாக நானே என் போனில் எடுத்துப் பார்த்தேன். டிராக்கை ரெண்டு பங்காகப் பிரித்து நேரம் தருகிறார்கள். வளைவுகள் இருக்கும் பங்கில் போன வருஷத்தைவிட நான் வேகம். வேகம்! விழுந்த அதே மூன்றாம் வளைவு அந்தப் பங்கில்தான் இருக்கிறது. அந்த மூன்று செகண்டும் நீள ரோட்டில் போயிருக்கிறது. அங்கே காலை அழுத்துவதைத் தவிரச் செய்வதற்கே ஒன்றுமில்லை. மாடு கட்டி ஓட்டினாலும் அங்கே பயப்பட வழியில்லை.

நான் பயப்படவே இல்லை. ஏழு மாதம் ஒரு டாக்டரம்மாவிடம் உட்கார்ந்து, இல்லாத பயத்துக்குக் காரணம் தேடி, சின்ன வயதில் கிணற்றில் விழுந்த கதை வரைக்கும் சொல்லி அழுதிருக்கிறேன். வெளியே பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார்.

கயிற்றைக் கத்திரிக்கோலால் வெட்டிக் குப்பையில் போட்டேன்.

ஜூன் 15, சனி

ரெண்டு நாள் அவரிடம் பேசாமல் இருந்தேன். தலைவலி என்று நினைத்துத் தைலம் எடுத்துக்கொண்டு வந்தார். அதற்கு மேல் தாங்கவில்லை.

"நாலு புள்ளி அஞ்சு அஞ்சு," என்றேன்.

தைல பாட்டிலை மூடினார். மூடியைச் சரியாகத் திருகி முடித்தார். "ஜாகிரு சொன்னானா?"

"நானே எண்ணிப் பாத்தேன். நீங்க சிரிச்சீங்களே, அதையேதான் எண்ணுனேன்."

கட்டிலில் உட்கார்ந்தார். "கோகிலா, உன்ன அந்த வண்டிக்குள்ள இருந்து வெளிய இழுத்தது நான். மூச்சு இருக்குதான்னு மூக்குல கை வெச்சுப் பாத்தது நான். உனக்கு அது தெரியாது, நீ மயக்கத்துல கெடந்த."

"அதுக்கு?"

"ஓட்டாதன்னா கேப்பியா? கேக்க மாட்ட. ஓட்டு, ஆனா மெதுவா ஓட்டுன்னா அதையும் கேக்க மாட்ட. அதான் வண்டிகிட்டச் சொல்லி வெச்சேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல? கவுன்சலிங்குக்குக் கூட்டிட்டுப் போனீங்களே, மாமா. வாரா வாரம். காபி வேற வாங்கிக் குடுத்தீங்களே!"

"நீ அழுதுட்டே இருந்த. நான் வேற என்னதான் பண்றது?"

நீங்கள்தான் அழவைத்தீர்கள் என்று கத்தினேன். கையிலிருந்த சீப்பை எறிந்தேன், அது கண்ணாடியில் பட்டு விழுந்தது. அவர் நகரவில்லை. நான் எதிர்பார்த்தது சண்டை. அவர் கண்ணில் நீர் கோத்துக்கொண்டு நின்றது. அதைப் பார்த்து இன்னும் ஆத்திரம் வந்தது. அழுகிற உரிமைகூட எனக்கு மட்டுமானது இல்லையா?

"நான் ஒருத்தன் மட்டும் குத்தவாளியா?" என்றார் கடைசியில். "போ, உங்கப்பாவக் கேளு. மொதல்ல சொன்னது ஆருன்னு."

ஜூன் 16, ஞாயிறு

அப்பாவுக்குத் தெரியும்.

தெரியும் என்பது சின்ன வார்த்தை. அப்பாதான் சொல்லியிருக்கிறார்.

சூலூரில் அப்பா வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தும்போதே என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். மழுப்பவில்லை. அவர் பேர் வெள்ளிங்கிரி, மலை மாதிரிதான் நிற்பார் எப்போதும். இன்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆமாஞ்சாமி. நாந்தான் மாப்பிள்ளைகிட்டச் சொன்னேன். ஆஸ்பத்திரி வராண்டாவுல வெச்சுச் சொன்னேன். 'எம்புள்ளய நிறுத்த முடியாது, அந்த வண்டிய நிறுத்திருங்க மாப்பிள்ள'ன்னு அவர் கையப் புடிச்சுக் கேட்டேன்."

"வண்டிய வாங்கிக் குடுத்ததே நீங்கதானேப்பா?"

"அதாஞ்சாமி. நான் வாங்கிக் குடுத்த எமன் அது."

"கேலரியில ஒக்காந்து கை தட்டுனீங்களே. ஒவ்வொரு ரேஸுக்கும் வந்தீங்களே."

அப்பா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நீ கடைசியா வரும்போதெல்லாம் எனக்கு நிம்மதியா இருக்கும் அம்மிணி. அதுக்குத்தான் கை தட்டுவேன்."

எத்தனை முறை எழுதினாலும் இந்த வாக்கியம் எனக்குள் இறங்கமாட்டேன் என்கிறது. நான் தோற்று வந்து அந்தத் தோளில்தானே சாய்ந்து அழுதேன். ஓட்டுவதை விட்டுவிடுகிறேன் என்று அவர் கையில்தானே அடித்துச் சத்தியம் பண்ணினேன். அப்போது அவர் என் தலையைத் தடவிக்கொடுத்தார். சந்தோஷத்தில் தடவியிருக்கிறார்!

"ரெண்டு பேரும் சேந்து என்னக் கோழைன்னு நம்ப வெச்சுட்டீங்கப்பா," என்றேன்.

"கோழையா இருந்தா என்ன? உசுரோட இருக்கியில்ல," என்றார் என் அப்பா.

மில் கெஸ்ட் ஹவுஸில் ரூம் எடுத்திருக்கிறேன். வேலை அதிகம் என்று அத்தைக்குச் சொல்லியாயிற்று.

ஜூன் 17, திங்கள்

மத்தியானம் டிபன் பாக்ஸ் வந்தது, எப்போதும் போல. திருப்பி அனுப்பலாமென்று இருந்தேன். பசி. சாப்பிட்டுவிட்டேன். அவ்வளவுதான், வேறொன்றுமில்லை.

ஜூன் 19, புதன்

பழைய கிரவுனும் பினியனும் ஜாகிரின் பெஞ்சுக்கு அடியில் கிரீஸ் பூசி, சாக்கில் சுற்றி இருந்தன. தூக்கிப்போட மனசு வரவில்லையாம். பெரிய சக்கரத்தைத் துடைத்து மடியில் வைத்து எண்ணினேன், முப்பத்தொன்பது பல். சின்னதில் பத்து. ஆக மூன்று புள்ளி ஒன்பது.

நாள் முழுக்க ஜாகிரும் நானும் மாட்டினோம். பல்லும் பல்லும் சரியாக உட்கார்கிறதா என்று நீலம் தடவித் தடவிப் பார்த்து, இடைவெளிக்கு ஷிம் தகடு வைத்து, மறுபடி கழற்றி மறுபடி மாட்டினோம். வீட்டுக்காரர் ஆபீஸ் ரூமில் உட்கார்ந்திருந்தார். தடுக்கவில்லை. ஒரு தடவை வெளியே வந்து, "ஷிம்மு பத்தாது, ஒண்ணு சேத்துப் போடு ஜாகிரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் சொன்னது சரிதான். அதுவும் எனக்கு எரிச்சல்.

முடித்ததும் ரெண்டு சக்கரத்தையும் ஒன்றாகச் சுற்றி எண்ணினேன். நாலுக்கு ஒரு மயிரிழை குறைவு. படிவத்தின் காலிக் கட்டத்தில் எழுதினேன். இனி வளைவில் நான் போன வருஷத்தைவிட வேகம், நீள ரோட்டில் வண்டி பழைய வண்டி. பழைய நேரம் என்ன, அதையும் தாண்டிக் காட்டுகிறேன். ரெண்டு பேரும் கேலரியில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

ஜூன் 23, ஞாயிறு

ராத்திரி வரை தள்ளிப்போடாமல் டிராக்கிலேயே, மரத்தடியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் தகுதிச் சுற்று. வளைவுகள் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போயின. மூன்றாம் வளைவைத் தாண்டி நீள ரோட்டுக்கு வந்து காலை அழுத்தினேன். அடடா! இஞ்சின் பாதி ரோட்டில் மூச்சு முட்டி நிற்கவில்லை, இழுத்துக்கொண்டே போனது. நூற்று முப்பது, நூற்று நாற்பது. இப்போது மீட்டர் பொய் சொல்லவில்லை. நூற்று நாற்பத்தைந்து.

கால் எழும்பியது.

நான் எடுக்கவில்லை. சத்தியமாக நான் எடுக்கவில்லை. வலது கால் தானாக ஆக்சிலேட்டரை விட்டு எழும்பியது, யாரோ கணுக்காலைப் பிடித்துத் தூக்கிய மாதிரி. ரோடு காலியாக, நேராக, காய்ந்து கிடக்கிறது. பயப்பட வழியே இல்லாத இடம் என்று நானே எழுதினேனே! அடுத்த சுற்றில் அழுத்தியே தீருவது என்று கத்திக்கொண்டு போனேன். அதே இடத்தில் மறுபடி எழும்பியது. ஒரு வருஷமாக இந்தக் காலுக்கு நூற்று நாற்பத்தொன்றுக்கு மேல் உலகமே கிடையாது. நான் கோழை என்று வாராவாரம் ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்த கால் இது. நான் நம்புவதை நிறுத்திவிட்டேன், அது நிறுத்தவில்லை.

உள்ளே வந்து நிறுத்தினேன். ஹெல்மெட்டுக்குள்ளேயே அழுதேன். அப்புறம் நேரத்தைப் பார்த்தேன், பழையதுக்கு ரெண்டு செகண்ட் பின்னால்.

அவர் தண்ணீர் பாட்டிலோடு வந்தார். சுவர் ஓரம் நின்று இஞ்சின் சத்தத்தைக் கேட்டிருக்கிறார். எந்த இடத்தில் கால் எழும்பியது என்று அவர் காதுக்கு யாரும் சொல்ல வேண்டாம். எத்தனையோ நாளாக அவர் முகத்தில் இல்லாத ஒரு நிம்மதி.

"பாத்தியா?" என்றார் மெதுவாக, அன்பாகத்தான். "பயம் இருக்குதுல்ல? நான் சொன்னா நீ நம்புல."

நான் ஹெல்மெட்டைக் கழற்றினேன்.

"இருக்குது மாமா. ஆனா போன வருஷம் சுவத்துல மோதுனப்ப இது எங்கிட்ட இல்ல. ஆஸ்பத்திரியிலயும் இல்ல. நீங்களும் அப்பாவும் சேந்து செஞ்சு, எங்காலுல மாட்டி உட்டது இது."

அவர் கையிலிருந்து பாட்டில் நழுவவில்லை, ஒன்றும் ஆகவில்லை. வாய் மட்டும் திறந்து அப்படியே நின்றது. ஒரு வருஷத்தில் முதல் தடவையாக அதிர்ந்துபோனது நானில்லை, அவர். பின்னால் அப்பா வந்து நின்றிருந்ததை நான் அப்புறம்தான் பார்த்தேன். கை தட்டவில்லை.

மத்தியானம் ரேஸ். எட்டுச் சுற்று. ஏழு சுற்றில் கால் எழும்பியது. ஒவ்வொரு தடவையும் எழும்பும்போது பெயர் சொல்லித் திட்டினேன், அவர் பெயரை ஒரு சுற்றிலும் அப்பா பெயரை மறு சுற்றிலும். ஆறாவது சுற்றில் யாரையும் திட்ட ஞாபகம் வரவில்லை. முன்னால் போன நீலக் காரை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரேக் போடச் சொல்லும் பலகை வந்தபோதுதான் கவனித்தேன், கால் அடிவரை அழுந்தியே இருந்தது. மீட்டரில் நூற்று அறுபத்திரண்டு.

கடைசிக்கு முந்தைய இடம். பழைய நேரத்தை எந்தச் சுற்றிலும் தொடவில்லை. கொடுத்த வாக்குப்படி பார்த்தால் இன்றோடு நான் ஓட்டுவதை நிறுத்த வேண்டும். அப்பா பக்கத்தில் வந்து, வாக்கைப் பற்றித்தான் போலிருக்கிறது, "அம்மிணி..." என்று தொடங்கினார்.

"அது நாலு புள்ளி அஞ்சு அஞ்சுல குடுத்த வாக்குப்பா," என்றேன். "செல்லாது."

அடுத்த மாத ரேஸுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். கால் இன்னும் நடுங்குகிறது.